பதில் சொல்லாத விண்டோ

ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. சரியாகப் படவில்லையோ என்று மறுபடி அழுத்துகிறீர்கள். மவுஸின் அம்புக்குறி சுழலும் வளையமாக மாறுகிறது. சில விநாடிகளில் விண்டோ முழுவதும் வெளுத்து, அதன் தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்ற சொற்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. சரி, மூடிவிடலாம் என்று கையை நீட்டும்போது விண்டோவுக்கு உயிர் வருகிறது. நீங்கள் கேட்ட வேலை முழுவதும் முடிந்து நிற்கிறது.

அப்படியானால் அது இத்தனை நேரமும் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ‘பாதி முடிந்தது, பொறுங்கள்’ என்று திரையில் எழுத எத்தனை நேரம் ஆகிவிடும்?

எனக்கு இந்தக் கேள்வி ஒரு டிடிபி கடையிலிருந்து வந்தது. அங்கே தட்டச்சு செய்யும் அக்கா ஒருவருக்கு, பழைய மாத இதழ் ஒன்றின் கட்டுரைகளைக் கணினியில் ஏற்றும் வேலை கிடைத்தது. கட்டுரைக்கு ஒன்றாக 3,000 கோப்புகள். கூலி, எழுத்துக் கணக்கில். எழுத்துகளை எண்ணிச் சொல்ல ஒரு சிறு நிரல் எழுதிக்கொடுத்தேன். மறுநாள் போனில் அழைத்தார்.

“தம்பி, நீ குடுத்தது ஹேங் ஆயிடுச்சுப்பா. மூணு தடவை ஆஃப் பண்ணிட்டேன்.”

“எவ்வளவு நேரம் விட்டீங்க அக்கா?”

“இருபது செகண்டு இருக்கும். வெள்ளையாப் போயிடுச்சு. வேற என்ன பண்றது?”

வேலை முடிய 30 விநாடி ஆகும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியப்படுத்த வேண்டியது என் நிரலின் கடமை. அது ஏன் தவறியது என்று புரிந்துகொள்ள, திரையில் ஓர் எழுத்து எப்படி மாறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி கேட்ட நிரலும் காத்திருக்கும் நிரலும்

பழைய நிரல்கள் திரையில் ஒரு கேள்வியை எழுதும்: உங்கள் பெயர்? நீங்கள் தட்டும்வரை அங்கேயே நிற்கும். பிறகு அடுத்த கேள்வி: வயது? எதை முதலில் செய்வது, எதை அடுத்து செய்வது என்பது நிரலின் கையில் இருந்தது. நாம் அதன் பின்னால் போனோம்.

1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் ஒரு கூட்டத்தின் முன் மவுஸைப் பிடித்துத் திரையில் எழுத்துகளை நகர்த்திக் காட்டினார். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடம் விண்டோக்களும் மெனுக்களும் கொண்ட கணினியை உருவாக்கியது. 1984 ஜனவரியில் ஆப்பிளின் மெக்கின்டாஷ் அதைப் பொதுமக்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. அத்தோடு அதிகாரம் கை மாறிவிட்டது. ஒரு விண்டோவில் பத்து பொத்தான்களும் நான்கு பெட்டிகளும் இருந்தால், எதை முதலில் தொடுவது என்பது உங்கள் விருப்பம். நிரல் முன்கூட்டி ஊகிக்க வழியே இல்லை. அதனால் அது காத்திருக்கக் கற்றுக்கொண்டது.

நீங்கள் செய்யும் ஒவ்வொன்றும் அதற்கு ஒரு செய்தியாகப் போகிறது: விசை அழுத்தப்பட்டது, விசை விடப்பட்டது, மவுஸ் நகர்ந்தது, விண்டோவின் மூலை இழுக்கப்பட்டது. இவற்றை ஈவென்ட் என்பார்கள். தமிழில் நிகழ்வு என்போம். ஒரு நிகழ்வு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் சிறு பகுதிக்குக் கையாளி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கடையில் ஒரே ஆள்

ஒரு ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பில் போடுவதும் எடை போடுவதும் ஒரே ஆள். வாசலில் கரும்பலகை: அரிசி இவ்வளவு, சீனி இவ்வளவு, பாமாயில் இவ்வளவு. அந்தப் பலகையில் எழுத வேண்டியவரும் அவரே. வரிசையில் முதலில் நிற்பவரைக் கூப்பிடுகிறார், கொடுத்து அனுப்புகிறார், அடுத்தவரைக் கூப்பிடுகிறார். வரிசையில் ஆள் இல்லாதபோது எழுந்து போய்ப் பலகையைத் திருத்துகிறார்.

விண்டோ கொண்ட நிரல் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் நடக்கிறது. நிகழ்வுகள் ஒரு வரிசையில் சேர்கின்றன. நிரலுக்குள் ஒரு சுற்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது: வரிசையின் முதல் நிகழ்வை எடு, அதற்குரிய கையாளியிடம் கொடு, கையாளி முடித்துத் திரும்பியதும் அடுத்ததை எடு. ஒன்றும் இல்லையென்றால் தூங்கு. இதை நிகழ்வுச் சுற்று என்று அழைக்கலாம். 1984 மெக்கின்டாஷுக்கு நிரல் எழுதியவர்கள் இந்தச் சுற்றைத் தங்கள் கைப்படவே எழுதினார்கள். இப்போது கருவித்தொகுப்புகள் அதை எழுதித் தந்துவிடுகின்றன. ஆனால் சுற்று போய்விடவில்லை, கண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அது இருப்பதே தெரியாமல் நிரல் எழுதப் பழகிக்கொள்கிறோம். எழுதத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

‘முடித்துத் திரும்பியதும்’ என்று எழுதினேன் அல்லவா? இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு சொற்றொடரைப் பற்றியதுதான்.

‘தமிழ்’ என்று தட்டும்போது

நான் எழுதிய நிரலின் மேல்பகுதியில் ஓர் ஒற்றை வரிப் பெட்டி. அதில் எதையாவது தட்டினால், பக்கத்தில் உள்ள லேபிளில் எழுத்துக் கணக்கு உடனுக்குடன் மாற வேண்டும். எழுதியது பைதான் மொழியில். விண்டோவும் பெட்டியும் லேபிளும் டிகே என்ற கருவித்தொகுப்பின் உபயம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய தொகுப்பு அது. பைதானை நிறுவும்போது பெரும்பாலும் அதுவும் கூடவே வந்துவிடுவதால், இன்றும் பலருக்கு முதல் விண்டோ அதில்தான் திறக்கிறது.

முதலில் எண்ணும் கணக்கு. ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். கணினிக்குள் யூனிகோட் முறையில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆகவே உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ணினால் தமிழ் எழுத்துக் கணக்கு வந்துவிடும். கொழுக்கட்டைக்கு உள்ளே பதினொரு குறிகள், வெளியே ஆறு எழுத்து. கூலி கணக்கிடும் இடத்தில் இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல.

தமிழ்99 விசைப்பலகையில் ‘தமிழ்’ என்று அடிக்க ஐந்து விசைகள். லேபிளில் வரிசையாக வர வேண்டியது: 1, 2, 2, 3, 3. மூன்றாவது விசையில் ‘ம’ என்பது ‘மி’ ஆகிறதே தவிர எழுத்து கூடுவதில்லை. ஐந்தாவது விசையில் ‘ழ’ மேல் புள்ளி ஏறுகிறது, அப்போதும் கூடுவதில்லை.

‘விசை அழுத்தப்பட்டது’ என்ற நிகழ்வுக்கு ஒரு கையாளி எழுதினேன்: பெட்டியில் இருப்பதை எடு, எண்ணு, லேபிளில் எழுது. ஓட்டிப்பார்த்தேன். ‘தமிழ்’ என்று அடித்ததும் லேபிள் 3 என்றது. திருப்தியாக மூடிவைத்தேன். அது தவறான திருப்தி.

அன்று மாலை ‘பல’ என்று அடித்தபோது லேபிளில் 1 நின்றது. ‘நல்ல’ என்றால் 2. மெதுவாக ஒவ்வொரு விசையாக அடித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. லேபிள் எப்போதும் ஒரு விசை பின்தங்கி வந்துகொண்டிருந்தது. ‘தமிழ்’ அடிக்கும்போதும் 1, 2, 2, 3, 3 என்று வரவில்லை. 0, 1, 2, 2, 3 என்றே வந்திருக்கிறது. கடைசி விசை புள்ளி என்பதால் முடிவு எண் மட்டும் ஒத்துப்போய்விட்டது. தமிழில் பெரும்பாலான சொற்கள் புள்ளியிலோ உயிர்க்குறியிலோ முடிகின்றன. சோதிக்க எடுத்துக்கொள்ளும் சொற்களில் முக்கால்வாசி இந்தப் பிழையை மறைத்துவிடும்.

காரணம் இதுதான். விசை அழுத்தப்பட்டதும் அந்தச் செய்தி டிகேயில் முதலில் நாம் எழுதிய கையாளிக்கு வருகிறது. பெட்டிக்கென்று பிறவியிலேயே உள்ள கையாளி, அதாவது எழுத்தைப் பெட்டிக்குள் சேர்க்கும் கையாளி, அதற்குப் பிறகே ஓடுகிறது. நாம் எண்ணும் நேரத்தில் புது எழுத்து இன்னும் உள்ளே வந்திருக்காது. ‘அழுத்தப்பட்டது’ என்பது செய்தி. ‘உரை மாறிவிட்டது’ என்பது வேறு செய்தி. நான் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட்டேன்.

அழுத்தும் நிகழ்வுக்குப் பதிலாக விசையை விடும் நிகழ்வைப் பிடித்தால் போதுமே என்று பலர் செய்கிறார்கள். அப்போது எண்ணிக்கை சரியாகும். ஆனால் நிரலில் ஒட்டும் மெனு ஒன்று இருந்து, அக்கா மவுஸால் அதைச் சொடுக்கி ஒரு பத்தியை ஒட்டினால்? விசையே தொடப்படவில்லை. லேபிள் பழைய எண்ணோடு நிற்கும்.

சரியான வழி, பெட்டியின் உரையை ஒரு மாறியோடு இணைத்துவிடுவது. மாறி என்றால் மதிப்பைச் சேமித்துவைக்கும் இடம். உரை விசையால் மாறினாலும் ஒட்டுவதால் மாறினாலும், மாறியின் மதிப்பு மாறும். அந்த மாற்றத்தையே நிகழ்வாக எடுத்துக்கொண்டு எண்ண வேண்டும். தகவல் ஓரிடத்தில், அதைக் காட்டும் லேபிள் இன்னோரிடத்தில், தகவல் மாறினால் லேபிளுக்குச் சேதி போகும் என்ற இந்த ஏற்பாட்டின் மூல வடிவத்தை, நார்வே நாட்டவரான டிரிக்வே ரீன்ஸ்காக் 1970களின் இறுதியில் அதே ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் வகுத்தார். இன்றுள்ள பெரும்பாலான விண்டோ நிரல்களின் எலும்புக்கூட்டில் அந்த யோசனை இருக்கிறது.

எழுதிவிட்டோம், தெரியவில்லை

இப்போது 3,000 கோப்புகள். அதற்கு ஒரு பொத்தான். அதன் கையாளியை இப்படி எழுதியிருந்தேன்: லேபிளில் ‘எண்ணிக்கொண்டிருக்கிறேன், பொறுங்கள்’ என்று எழுது. 3,000 கோப்புகளையும் திறந்து எண்ணு. லேபிளில் மொத்தத்தை எழுது. ஒவ்வொரு கோப்புக்கும் 10 மில்லிவிநாடி. மொத்தம் 30 விநாடி.

‘பொறுங்கள்’ என்ற சொல்லை அக்கா ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. நான் அதை எழுதவில்லையா? எழுதினேன். முதல் வரியே அதுதான்.

லேபிளின் உரையை மாற்று என்றால், கருவித்தொகுப்பு உடனே திரையில் வரையப் போவதில்லை. புது உரையை நினைவில் வைத்துக்கொண்டு, ‘இந்த லேபிளை மறுபடி வரைய வேண்டும்’ என்று ஓர் அடையாளம் போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். வரைவது பிறகு, நிகழ்வுச் சுற்றில் வேறு வேலை இல்லாதபோது. டிகே இப்படித்தான் செய்கிறது. விண்டோஸிலும் ‘வரை’ என்ற செய்தி, வரிசையில் மற்ற செய்திகள் எல்லாம் தீர்ந்த பிறகே வெளியே வரும். இது நல்ல ஏற்பாடு. ஒரு கையாளி ஒரே லேபிளை ஐந்து தடவை மாற்றினால் ஐந்து தடவை வரைவது வீண். கடைசி உரையை ஒரு தடவை வரைந்தால் போதும்.

ஆனால் என் கையாளி 30 விநாடிக்குத் திரும்பவே இல்லை. சுற்று நின்றுபோனது. ‘பொறுங்கள்’ என்ற உரை நினைவில் எழுதப்பட்டு, வரையப்படாமல் காத்திருந்தது. கையாளி முடியும் தறுவாயில் அதன் மேல் மொத்த எண்ணை எழுதியது. அதன் பிறகு சுற்று விடுபட்டு, வரையும் முறை வந்தபோது, வரைய மிஞ்சியிருந்தது மொத்த எண் மட்டும்.

ரேஷன் கடைக்காரர் லாரி வந்ததென்று பின்பக்கம் போய் நூறு மூட்டை இறக்கத் தொடங்கிவிட்டார். பலகையில் ‘லாரி வந்துள்ளது, பொறுக்கவும்’ என்று எழுத நினைத்திருந்தார். பலகையிடம் போவதற்கு முன்பே மூட்டை தோளில் ஏறிவிட்டது.

ஐந்து விநாடி

வெளுத்துப்போவதற்கு விண்டோஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு நிரல் 5 விநாடிக்கு மேல் தன் வரிசையை எட்டிப்பார்க்காமல் இருந்தால், அது பதிலளிக்கவில்லை என்று தீர்மானித்துவிடும். பிறகு அந்த நிரலின் விண்டோவை மறைத்துவிட்டு, அதே இடத்தில் அதே அளவில் ஒரு போலி விண்டோவை வைக்கும். நீங்கள் நகர்த்துவதும் மூடுவதும் அந்தப் போலியைத்தான். நிரல் உயிரோடு உழைக்கிறதா, முடிவில்லாத சுழலில் சிக்கிக்கொண்டதா என்று விண்டோஸால் பிரித்துச் சொல்ல முடியாது. அது பார்ப்பது ஒன்றைத்தான்: வரிசைக்கு ஆள் வருகிறாரா, இல்லையா.

முன்பு இதுவும் கிடையாது. விண்டோஸ் 3.1 காலத்தில் ஒரு நிரல் திரும்பாவிட்டால் மற்ற எல்லா விண்டோஸ் நிரல்களும் சேர்ந்தே நின்றுபோகும். வீட்டுக் கணினிகளில் விண்டோஸ் 95 முதலே நிரல்களிடமிருந்து முறை வைத்து நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும் வழக்கம் வந்தது.

அக்காவின் இன்னொரு புகாரும் இங்கே தெளிவானது. ஒரு நாள் பொறுமையாக விட்டுவைத்தாராம். ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கிறது. நடுவில் பொத்தானை மறுபடி அழுத்தினீர்களா என்று கேட்டேன். “அதான் வேலை செய்யலியேன்னு ரெண்டு தடவை அழுத்தினேன்.” விண்டோ வெளுப்பதற்கு முன் விழுந்த அந்த அழுத்தங்கள் காணாமல் போகவில்லை. வரிசையில் நின்றன. முதல் எண்ணல் முடிந்ததும் சுற்று அடுத்ததை எடுத்தது, மறுபடி 3,000 கோப்பு. பிறகு அதற்கடுத்தது.

மனிதரின் பொறுமைக்கும் அளவுகள் உண்டு. ராபர்ட் மில்லர் 1968லேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். யாக்கோப் நீல்சன் 1993இல் மூன்று எண்களாகச் சுருக்கினார்: 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 விநாடிக்கு மேல் கவனம் வேறெங்காவது போய்விடும். 1985இல் பிராட் மையர்ஸ் செய்த ஆய்வில், எத்தனை விழுக்காடு முடிந்தது என்று காட்டும் பட்டை இருப்பதையே மக்கள் விரும்பினார்கள். வேலை வேகமாவதில்லை. காத்திருப்பு தாங்கக்கூடியதாகிறது.

கொஞ்சம் எண்ணிவிட்டுத் திரும்பு

திருத்தத்துக்கு முதலில் தோன்றும் குறுக்குவழி, கையாளியின் நடுவிலேயே ‘இப்போதே வரை’ என்று கட்டளையிடுவது. வரைவதை மட்டும் செய்யச் சொன்னால் ‘பொறுங்கள்’ தெரியும், ஆனால் விண்டோ அசையாது. வரிசையில் உள்ள எல்லாவற்றையும் கவனி என்று சொன்னால் ஆபத்து பெரிது. அந்த வரிசையில் அதே பொத்தானின் இரண்டாவது அழுத்தம் இருக்கலாம். முதல் எண்ணல் பாதியில் நிற்க, அதன் வயிற்றுக்குள்ளேயே இன்னோர் எண்ணல் தொடங்கும். நான் இதைப் பயன்படுத்துவதில்லை. நீங்களும் பயன்படுத்தாதீர்கள்.

நான் செய்தது வேறு. பொத்தானின் கையாளி இப்போது மூன்றே காரியம் செய்கிறது. பொத்தானை முடக்குகிறது, ‘பொறுங்கள்’ என்று எழுதுகிறது, ‘சற்று நேரத்தில் எண்ணும் பகுதியைக் கூப்பிடு’ என்று சுற்றிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறது. எண்ணும் பகுதி ஐந்து கோப்புகளை மட்டும் எண்ணுகிறது. 50 மில்லிவிநாடி. லேபிளில் ‘3,000இல் 5’ என்று எழுதுகிறது. மீதி இருந்தால், ‘மறுபடி என்னைக் கூப்பிடு’ என்று சொல்லிவிட்டு அதுவும் திரும்பிவிடுகிறது. இடைவெளியில் சுற்று வரிசையைப் பார்க்கிறது, விண்டோவை நகர்த்தினால் நகர்த்துகிறது, லேபிளை வரைகிறது. இப்படி 600 தடவை. மொத்த நேரம் ஏறக்குறைய அதே 30 விநாடிதான். கடைக்காரர் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு முறை முன்பக்கம் வந்து போகிறார்.

எல்லா வேலையையும் இப்படித் துண்டு போட முடியாது. ஒரே பெரிய கோப்பை இணையத்திலிருந்து இறக்கும் வேலைக்கு இரண்டாவது ஆளை வைப்பதே நல்லது. திரெட் எனப்படும் இழை அதுதான்: ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு வேலைத்தொடர். ஆனால் அவர் பின்பக்கமே இருக்க வேண்டும். கரும்பலகையைத் தொடக் கூடாது. ஏறக்குறைய எல்லாக் கருவித்தொகுப்புகளிலும், ஆண்ட்ராய்டு போன்களிலும்கூட, திரையில் உள்ளதைத் தொடும் உரிமை அதைப் படைத்த முதன்மை இழைக்கு மட்டுமே. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பலகையில் எழுதினால் இரண்டும் கெடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. பின்பக்கத்தார் ஒரு சீட்டில் எண்ணை எழுதி வரிசையில் போடுவார். முன்பக்கத்தார் அதை எடுத்துப் பலகையில் ஏற்றுவார்.

புது நிரலை அக்காவிடம் கொடுத்த அன்று பக்கத்திலேயே நின்றேன். பொத்தானை அழுத்தினார். 5, 10, 15 என்று எண் ஓடத் தொடங்கியது. 400ஐத் தாண்டியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். “ஓடுது, நான் டீ வாங்கிட்டு வந்துடறேன்” என்றார்.

நிரல் எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கையாளி பத்தில் ஒரு விநாடிக்குள் திரும்புகிறதா என்று அளந்து பாருங்கள். வேகமான உங்கள் கணினியில் மட்டும் பார்க்காதீர்கள், உங்கள் நிரலைப் பயன்படுத்தப் போகிறவரின் பழைய கணினியிலும் பாருங்கள். மற்றவர்களிடமும் ஒன்று. விண்டோ வெளுத்தால் பொத்தானை மீண்டும் அழுத்தாதீர்கள், உடனே மூடவும் செய்யாதீர்கள். ஒரு நிமிடமாவது கொடுங்கள். சேமிக்காத வேலை உள்ளே இருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் அது திரும்பி வரக்கூடும்.